பல்லிக்கு நான் அடித்த இரண்டாவது கோட்டு

ஈரப் பெயிண்டைத் தொடக்கூடாது. இது எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவர்கள் ஒரு பள்ளிக்கூட ஹால் நிறைய இருந்தார்கள் என்றால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? அன்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் செவிலிமேட்டில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். என் மகள் ஷைனி அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளியில் சிறுவர் புத்தகத் திருவிழா. ஒவ்வொரு வகுப்பும் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, அதற்குப் பொம்மையோ நாடகமோ செய்ய வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தையே சொந்தமாக எழுதிவிட்டார்கள். பெயர் ‘பல்லி கேட்ட கேள்வி’. அதை மேடையில் வாசிக்க ஷைனியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாலு பேரைக் கண்டாலே வாயைத் திறக்காத பெண், ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று வாசித்துப் பழகினாள்.

கதைக்குப் பல்லி செய்கிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாகத்தான் போய் வாங்கினேன். “பெயிண்டர் ஊட்டுப் பல்லி டீச்சர், தங்கமா ஜொலிக்கும் பாருங்க” என்று அவள் வகுப்பு வனஜா டீச்சரிடம் பெருமை வேறு. மூங்கிலை வளைத்து, செய்தித்தாளை மைதாப் பசையில் ஒட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு பல்லி செய்தேன். முதல் கோட்டு பெயிண்ட் காய்ந்ததும் பார்த்தால், மஞ்சள் காமாலை வந்த பல்லி மாதிரி இருந்தது. (அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு எதை விடத் தெரியும்?) விழா அன்று காலை அதை ஹால் வாசலில் பெஞ்சு மேல் வைத்து, தங்க எனாமலில் இன்னொரு கோட்டு அடித்தேன். எனாமல் காய ஒரு பகல் ஆகும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன் நான். அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

எங்கள் ஊரில் தங்கப் பல்லியை வாசலில் வைத்தால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டுமாம். பெருமாள் கோயிலில் ஒரு தங்கப் பல்லி இருக்கிறது. அதைத் தொட்டால், மேலே பல்லி விழுந்த தோஷம் போகும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மேலே பல்லி விழுந்தால் துடைப்பத்தை எடுப்போம், அத்தோடு சரி.

திரும்பி வந்தால், பல்லி முன்னால் வரிசை. பள்ளி விழா என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் பீரோவில் உள்ள நல்ல பட்டாகப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவரும் தலையிலிருந்து வால் வரை தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“யம்மா, தொடாதீங்கமா! ஈரமா இருக்குது!”

“இன்னாபா, காலங்காத்தால சாமியத் தொடாதேன்றே? நீ யாரு?” என்றது வரிசையில் நின்ற ஒரு குண்டு அம்மா.

“அத்தச் செஞ்சதே நான்தாம்மா!”

“செஞ்சா? நீயும் வரிசைல வா.”

அடுத்து வந்தவர் தாளாளரின் மனைவி. அவர்தான் சிறப்பு விருந்தினர். அரக்குப் பட்டு. இரண்டு உள்ளங்கையையும் பல்லி முதுகில் அழுத்தி வேண்டிக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். வரவில்லை. இழுத்தார். பெஞ்சு ஆடியது. அப்படியே பல்லி மேல் விழுந்தார். மூங்கில் முறிந்த சத்தம் என் நெஞ்செலும்பில் கேட்டது. தூக்கி நிறுத்தியபோது புடவையின் ஒரு பக்கம் முழுக்கப் பல்லி.

தலைமையாசிரியை ஓடி வந்தார். “யார் வேலை இது? மூணாங் கிளாஸ் ப்ரோக்ராம் கேன்சல்!”

ஹாலுக்குள் மேடை ஓரத்தில் ஷைனி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு துடித்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

“பெயிண்ட் அடிச்சது நானு. தொட்டது அவங்க. நடுவுல என் பொண்ணு இன்னா பண்ணா? திட்றதுன்னா என்னத் திட்டுங்க. அவ படிச்சிட்டுத்தான் போவா!”

“முதல்ல மன்னிப்புக் கேளுங்க!”

“கேக்கமாட்டேன்! ஈரம்னு கத்திக்கினேதான இருந்தேன்?”

நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோதே மைக் கீச்சென்றது. ஷைனி யாரையும் கேட்காமல் மேடை ஏறி, முதல் பக்கத்தைத் திறந்திருந்தாள்.

“பல்லி நம் மேல் விழுந்தால் என்ன பலன் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. நாம் பல்லி மேல் விழுந்தால் பல்லிக்கு என்ன பலன்?”

எல்லாத் தலையும் தாளாளரின் மனைவி பக்கம் திரும்பியது.

“இடுப்பு போவும், வேறென்ன?” என்றது குண்டு அம்மா.

கூரை அதிரச் சிரித்தார்கள். தாளாளரின் மனைவி தன் புடவையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், தங்கக் கையை ஆட்டி, “படிம்மா, மேல படி” என்றார். அதற்கப்புறம் கேன்சல் செய்ய யாருக்கு வாய் வரும்? ஷைனி கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். மறு வருடத்திலிருந்து அந்தப் பள்ளியில் புதுச் சட்டம்: புத்தகத் திருவிழாவுக்குப் பொம்மைகளைப் பிள்ளைகளே செய்ய வேண்டும், பெற்றோர் கை வைக்கக்கூடாது. சிறுவர் இலக்கியத்துக்கு என் தொண்டு அது.

வீட்டில்தான் மரியாதை இல்லை. குழம்பில் இன்னும் கொஞ்சம் உப்பு போடலாமா என்று கரண்டியை எடுத்தாலே, என் மனைவியும் ஷைனியும் ஒரே குரலில் கத்துகிறார்கள்: “ரெண்டாவது கோட்டு!”