மூன்று பெட்டியிலும் ஒரே மயில்

“இதுல ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு உசுரோட இருக்கும்!” என்று சர்வருக்குள் மாட்டிய இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் பெருமையாகக் காட்டினார் ஜெகபர் அலி.

“ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான இருக்கு? பெட்டியே எரிஞ்சுட்டா?” என்றாள் மனைவி சாலிஹா, பூண்டு உரித்தபடி.

சிவகாசியில் பட்டாசு லேபிள் வரைகிறவர் அவர். வரைகிறவர்களுக்கு ஊரில் பஞ்சமா? ஆனால் வீட்டிலேயே சர்வர் வைத்து வரைகிறவர் தான் ஒருவர்தான் என்பதைக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லுவார். 2008 சீசனுக்கு அச்சங்குளம் கம்பெனி ஒன்று மொத்த லேபிளையும் அவரிடமே கொடுத்திருந்தது. விட்டால் அந்த வருஷமே போச்சு.

சாலிஹா கேட்டதும் நியாயந்தான். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே இடம் விடுகிறார்களே! மகள் ஹாதியாவின் கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்றி, அதிலும் ஒரு நகல் வைத்தார். அவ்வளவு தூரம் ஒயர் எட்டவில்லை. வைஃபை பெட்டி வாங்கி, பாஸ்வேர்டெல்லாம் எதற்கென்று அப்படியே மாட்டினார்.

வேலை வளர வளர வேறு தொல்லை. கீழே லேபிள் மயிலுக்குத் தோகை விரிந்துவிட்டது, மாடி நகலில் இன்னும் மொட்டை மயில்.

“இனிமே இங்க என்ன செஞ்சாலும் அந்த நிமிசமே ரெண்டு டிஸ்க்கு, மாடி மூணுலயும் நடக்கும், அத்தா” என்று ஹாதியா சரிசெய்து கொடுத்தாள்.

“எம் மகடீ!” என்று பூரித்துப் போனார்.

டிசைன் கொடுக்க வேண்டிய நாள் காலையில் டிஸ்க்கில் இடமில்லை என்றது கம்ப்யூட்டர். பழைய குப்பையை அழிக்கிறேன் என்று உட்கார்ந்தவர், அவசரத்தில் சீசன் வேலை முழுவதையும் அழித்துத் தொலைத்தார்.

“ஹாதியா! மாடியில பாரும்மா!”

“இங்கயும் போயிருச்சுத்தா!”

“ரெண்டாவது டிஸ்க்குல?”

“அதுலயுந்தான்.”

“பரவாயில்லயே, சொன்ன சொல் தட்டாம செஞ்சிருக்கு” என்றாள் சாலிஹா.

ஆத்திரத்தில் எல்லாப் பெட்டியையும் அணைத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து அச்சங்குளம் மேனேஜர் அருள்பாண்டி வந்து நின்றார்.

“பாய், டிசைன் ரெடியா? இன்னைக்குக் கிடைக்கலைன்னா எதிர்க்கடையில லேபிள் வரையிற ஜெயச்சந்திரன்கிட்ட ஆர்டரைக் குடுத்துரச் சொல்லிட்டாக மொதலாளி.”

கையில் காட்ட ஒரு கோடுகூட இல்லை, ஆனாலும் ஜெகபர் அலிக்குப் பேச்சு மட்டும் இறங்கவில்லை.

“டிசைனுக்கு என்ன! எம் மயிலை இந்த ஜில்லாவுல ஒரு பய கண்ணால பாத்திருக்க மாட்டான். டீ சாப்பிடுங்க.”

டீ முடிந்தது. இன்னொரு டீயும் முடிந்தது. அருள்பாண்டி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது எதிர்க்கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாரிச்செல்வி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“பாய், வைஃபையை அமத்திட்டீகளா? நேத்து வரைக்கும் நீங்க வரைஞ்சது அம்புட்டும் எங்க கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சாச்சு, இன்னைக்கு உள்ளது மட்டும் இன்னும் வரலயே!”