முதுகில் ஏறிய கொள்ளிப்பேய்

அந்த மார்கழியில் கைக்குழந்தையோடு பஸ் ஏறினால், கண்டக்டர் கேட்காமலேயே சமயநல்லூருக்கு டிக்கெட் கிழித்தார். எல்லாரும் கொள்ளிச்சாமியிடம்தான்.

பிறந்த குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே கொள்ளிப்பேய் ஏறி உட்கார்ந்துகொள்கிறதாம். இவ்வளவு பெரிய உலகத்தில் பேய்க்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்! அதை விரட்டும் கொள்ளிச்சாமியான காசிமாயன், சாமியாராகும் முன் ஐஸ்கட்டி வியாபாரி. இப்போதும் சரக்கு அதேதான்; விலைதான் ஏறியிருந்தது.

குழந்தையைத் துணியில்லாமல் ஈர வாழையிலையில் கிடத்துவார். பாதத்தைத் தொட்டால் சில்லென்றிருக்கும். முதுகைத் தொட்டால் சுடும். "பாத்தியா, கொள்ளி!" உடனே ஐஸ் மிதக்கும் தொட்டியில் ஒரு முக்கு. அப்புறமும் முதுகு சுட்டால், "பேய்க்கு ஆத்திரம், அடுத்த வெள்ளிக்கெழம வா."

இருளாயியின் மகன் போன வெள்ளி முக்குப்பட்டவன். அதிலிருந்து அழுகை மெலிந்துவிட்டது. பாலும் சரியாகக் குடிக்கவில்லை. இன்று இரண்டாவது முக்குக்காக வரிசையில் கிடந்தான். அடுத்த வீட்டு ஷரீபா, கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர், விடாமல் கூடவே வந்திருந்தார்.

"இருளாயி, பச்சப்புள்ளைக்கு நடுங்கத் தெரியாது. அதுக்காக முதுகுல ஒரு பழுப்புக் கொழுப்பு இருக்கு. அந்தச் செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியா. அதோட உள்சவ்வுல மடை மாதிரி ஒரு புரதம். சும்மா இருக்கும்போது அடைச்சே கெடக்கும். குளுருனா கொழுப்பு கரைஞ்சு மடையத் தெறந்துவிடும். வேலைக்குப் போகவேண்டிய சக்தி அம்புட்டும் சூடாப் போகும். குளுரக் குளுரச் சுடும்டி. போர்த்து, அடங்கிரும்."

"டீச்சரக்கா, சாமி சொல்றாரே..."

"சரி, கேட்டுப்பாப்போம்." ஷரீபா எழுந்தார். "சாமி, கண்ணக் கட்டிக்கிட்டும் கொள்ளியக் கண்டுபிடிப்பீகளா?"

"கண்ணு எதுக்கும்மா? எனக்கு வெரலு போதும்!"

வாசலில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த சாமியாரின் மகள் மடியிலும் ஒரு குழந்தை. ஷரீபா மெல்லக் கேட்டார்: "ஒம்புள்ளையவும் படுக்கவையேன். சாமி பேரன் சுத்தம்னு ஊரு பாக்கட்டுமே." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றி வரிசையின் கடைசியில் ஈர இலையில் கிடத்தினாள்.

கட்டிய கண்ணோடு சாமியார் தடவிக்கொண்டே வந்தார். கடைசிக் குழந்தையிடம் கையை வெடுக்கென்று இழுத்தார். "அடேயப்பா! மத்ததெல்லாம் குட்டிக் கொள்ளி, இது தலைமக் கொள்ளி! அப்பனையே காவு வாங்கும். முக்குங்கடா!"

"அப்பா! இது எம்புள்ளப்பா!"

சாமியார் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கூட்டம் தொட்டிக்கு வழிவிட்டு நின்றது.

"முக்குங்க சாமி," என்றாள் இருளாயி.

"இல்ல தாயி... ஐஸ் தண்ணி... சளி புடிச்சிரும்ல."

"அப்ப எம்புள்ளைக்கு?"

சாமியாரின் மகள் அதற்குள் பிள்ளையைச் சேலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அப்பன் அருள்வாக்கை அவளே நம்பவில்லை. இருளாயி தன் மகனை நெஞ்சோடு அணைத்து முந்தானையால் மூட, ஷரீபா பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார். பாதி வழியில் அவன் பால் தேடி வாயை அசைத்தான்.

மகாஜனங்களே, உங்கள் பிள்ளையின் முதுகில் பேய் இருக்கிறது என்று எவனாவது சொன்னால், முதலில் அவன் வீட்டுப் பிள்ளையின் முதுகைத் தொட்டுப் பாருங்கள்.