கரி பஸ்ஸும் தூதுவளை டிரைவரும்

யுத்த காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஜலதோஷமே பிடிக்காதவர்கள் யார் யார் என்று விசாரித்திருந்தால், முக்கால்வாசிப் பேர் ஆலங்குடி பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அதற்குக் காரணம் அந்த பஸ்ஸின் டிரைவர். ஊரே அவரைத் தூதுவளை என்று கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால் அல்ல, நேராகவே. அவரும் சமஸ்தானத்தில் கொடுத்த பட்டம் மாதிரி தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொள்வார்.

நான் அப்போது ஆலங்குடியில் அக்கா வீட்டில் தங்கி, புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையைக் கொண்டு என்ஜினை ஓட்டுவார்கள். ஓட்டுவார்கள் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். ரோட்டோரம் நடந்து போகும் எருமை ஒன்று எங்களை முந்திப் போய், திரும்பி நின்று, என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

காலை வேளையில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பனி இறங்கியிருக்கும். அதில் கரிப்புகையும் கலந்து, செம்மண் ரோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பஸ் பூமியில் போகிறதா, மேகத்தில் போகிறதா என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் தூங்குகிறவர்கள் தோளில் சாய்ந்திருப்பார்கள். அந்தச் சுகமான வேளையில் பஸ் திடீரென்று நிற்கும். டிரைவர் இறங்கிப் போய்ப் பனிக்குள் மறைந்துவிடுவார். எங்கோ ஒரு வேலியில் தூதுவளைக் கொடியை அவர் பார்த்திருப்பார். முள் குத்தாமல் ஒவ்வோர் இலையாகப் பறித்து, துண்டில் முடிந்துகொண்டு, கோயிலிலிருந்து பிரசாதம் கொண்டுவருகிறவர் போல நிதானமாகத் திரும்பி வருவார்.

கண்டக்டருக்கு இது பொறுக்காது. ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அண்ணே, நான் டிக்கெட்டைக் கிழிக்கிறதா, எலையைக் கிழிக்கிறதா? ஒண்ணைச் சொல்லுங்க."

"ரெண்டையும் கிழி. டிக்கெட்டு இங்கிட்டு ஏற, எலை அங்கிட்டு நல்லபடியா எறங்க" என்றார் டிரைவர்.

கரிப்பீப்பாயின் சூடு வீணாகப் போகக் கூடாது என்று அதன் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். தூதுவளை, ஆடாதோடை, துளசி, மிளகு, சுக்கு எல்லாம் தண்ணீரோடு அதில் கிடந்து, ஆலங்குடியில் குலுங்கத் தொடங்கினால் புதுக்கோட்டை எல்லையில் கஷாயமாக இறங்கும். இருமியவர்கள் ஒரு கொட்டாங்கச்சி குடித்தால்தான் பஸ்ஸை விட்டு இறங்கலாம். ஆடாதோடையின் கசப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குடித்தவர்கள் கொஞ்ச நேரம் தங்கள் சொந்த ஊரையே மறந்து நிற்பார்கள்.

ஒருமுறை சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் ஒருவர், கோட்டும் தலைப்பாகையுமாக முன் ஸீட்டில் வந்தார். பாதி வழியில் தும்மினார். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, தும்மியது யார் என்று விசாரித்தார். உத்தியோகஸ்தரும் மற்றவர்களோடு சேர்ந்து பின்னால் திரும்பிக் குற்றவாளியைத் தேடினார். தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தும்மல் வந்துவிட்டது. அன்று தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் கஷாயம் குடித்த காட்சியை நாங்கள் வெகுநாள் பேசினோம். அடுத்த வாரம் அவர் வீட்டு வேலைக்காரன் பாத்திரத்தோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றான்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று ஒருநாள் நான் அவரைக் கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். கரி பஸ் வந்த முதல் மாதத்தில் தினமும் வருகிற ஜனங்களுக்கெல்லாம் இருமல் வந்ததாம். பின் ஸீட்டுக்காரர்களுக்கு ரொம்ப மோசமாம்.

"என் வண்டிப் பொகைதானே டீச்சரம்மா அவுக நெஞ்சுல போயி ஒக்காருது. நாந்தான அதுக்குப் பொறுப்பு" என்றார்.

யுத்தத்தை ஆரம்பித்தது அவரில்லை, பெட்ரோலை ஒளித்து வைத்ததும் அவரில்லை என்று சொல்ல நினைத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் நனைந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி செருகியது போல வலித்தது. அக்கா என்னைக் கைத்தாங்கலாகப் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்து வந்து, கையோடு கொண்டுவந்த செம்பை நீட்டி, டிரைவர் கையாலேயே கஷாயம் ஊற்றிக் கொடுக்கச் சொன்னாள். எங்கள் தெருவில் அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவர் செம்பை வாங்கவில்லை. நான் மூச்சு விடுவதைச் சற்று நேரம் கவனித்தார். சளி எந்த நிறத்தில் வருகிறது என்று அக்காவிடம் கேட்டார். செங்கல் நிறம் என்றாள்.

"இது எலைக்கு அடங்காது ஆத்தா. எலை சின்னச் சளிக்குத்தான். இது உள்ள எறங்கிருச்சு, டாக்டர்தான் பாக்கணும். ஏத்துங்க."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். நீள ஸீட்டில் அக்கா மடியில் என் தலை. ஜன்னலுக்கு வெளியே ஈரமான வேலிகள், அவற்றின் மேல் தூதுவளையின் ஊதாப்பூக்கள் ஒவ்வொன்றாக நீந்திப் போயின. பஸ் எதற்கும் நிற்கவில்லை. கை காட்டியவர்களைக்கூட ஏற்றவில்லை. மேட்டில் என்ஜின் திணறியபோது, யாரும் சொல்லாமலே பயணிகள் எல்லாரும் மழையில் இறங்கித் தள்ளினார்கள். அவர்கள் தள்ளுகிற சத்தம் தூரத்தில் அலை அடிப்பது போல எனக்குக் கேட்டது. நான் கடலில் போகிறேன் என்று நினைத்தேன். பயமாக இல்லை. முன்னால் அந்த மனிதரின் பிடரி தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நிமோனியா என்றார் டாக்டர். யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கொடுக்கிற புது மாத்திரை என்று ஒன்றைக் கொடுத்தார். இன்னும் ஒருநாள் வீட்டிலேயே வைத்திருந்தால் சிரமம் என்று அக்காவிடம் தனியாகச் சொன்னாராம்.

தூதுவளை தினமும் மத்தியான டிரிப்புக்கு முன்னால் வந்து கதவோரம் நிற்பார். உள்ளே வரமாட்டார். நாலாம் நாள் டாக்டரை வழிமறித்து, அந்த மாத்திரை எந்தச் செடியிலிருந்து எடுக்கிறது என்று கேட்டார். செடி இல்லை, தொழிற்சாலையில் செய்வது என்றார் டாக்டர். டிரைவர் நம்பவில்லை. டாக்டருக்குச் சொல்ல மனமில்லை, அதான் செடியின் பேரை மறைக்கிறார் என்று அக்காவிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. எனக்கும் வேறு ஊருக்கு மாற்றலானது. சில வருஷங்கள் கழித்து விசாரித்தபோது, அவர் பஸ் வேலையை விட்டுத் தெற்கே எங்கோ போய்விட்டார் என்றார்கள். அந்த எங்கோ எது என்று யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் ஆவுடையார்கோவிலுக்குப் போயிருந்தேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். வீட்டில் எல்லார் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். இன்னும் ஒருத்தர் இருக்கிறார் என்றேன். பேர் என்ன என்றார். அப்போதுதான், அது எனக்குத் தெரியவே தெரியாது என்பது உறைத்தது.

"டிரைவர்னு சொல்லுங்க சாமி" என்றேன்.

குருக்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, அந்தப் பேரையும் எங்கள் குடும்பத்துப் பேர்களோடு சேர்த்தே சொன்னார்.