பூச்சி சாரின் முந்நூறு பேர்

பூச்சிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பூச்சி சார்.

வாலாஜாபாத் பக்கம் ஒரு தேக்குத் தோப்பில் அவர் மேற்பார்வையாளர்; நான் ஆபீஸ் கிளார்க். பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டு மாடியில் ஆளுக்கொரு அறை. என் அறையில் கட்டில் இருந்தது. அவர் அறை முழுக்க வாயில் துணி கட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே நாவாய்ப்பூச்சிகள். தேக்கிலையைத் தின்னும் புழுவைக் கண்டால் ஊசி மூக்கால் குத்தி உறிஞ்சிவிடும் ஜாதி. இவற்றை வளர்த்துத் தோப்பில் விட்டால் மருந்தே வேண்டாம் என்பது அவர் கட்சி.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொள்வார்.

"இன்னாபா, டிபனா?" என்றார் கண்டக்டர் ஒருநாள்.

"இல்லபா, பூச்சி. முந்நூறு பேர் இருக்காங்க."

பக்கத்து இருக்கை உடனே காலியானது. அன்றுமுதல் எனக்கு அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத நாளே இல்லை.

ஒருமுறை டப்பா படியில் உருண்டு, சிவப்புக் குஞ்சுகள் கீழ்வீட்டுச் சரசக்காவின் தறிமேல் ஏறிவிட்டன. பாதி நெய்த முகூர்த்தப் புடவை.

"பட்டைத் தின்னாதுக்கா. பட்டுப்புழு கெடச்சாதான் தின்னும்" என்றார் சார்.

"புழுவத் தின்னுட்டா எனக்குப் பட்டு எங்கேர்ந்துபா வரும்?"

சார் பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஓர் இழைகூட அறுபடவில்லை. கடைசிக் குஞ்சை அக்காவே காட்டிக் கொடுத்தார்.

மழை தொடங்கியதும் தோப்பில் புழு விழுந்தது. இலையெல்லாம் சல்லடை. முதலாளி மருந்து டிரம்மோடு வந்து நின்றார்.

"பத்து நாள் குடுங்க சார். மருந்து அடிச்சா எம் பசங்களும் செத்துருவாங்க."

"மரம் போச்சுன்னா?"

"என்னையும் அனுப்பிடுங்க."

முதலாளி கிழக்குப் பக்கத்தை மட்டும் அவருக்கு விட்டார். சார் பூச்சிகளைக் கிளை கிளையாக ஏற்றிவிட்டார். நான்கு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. சாப்பாட்டை மறந்து அண்ணாந்தே நின்றதில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் எல்லா மரமும் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். ஓரத்தில் சில மொட்டையாகத்தான் நின்றன. நடுவில் புதுத் தளிர். இலைக்கடியில் வற்றிப்போன புழுக்கள் தொங்கின. முதலாளி மிச்சமிருந்த மருந்தை டிரம்மோடு திருப்பி அனுப்பினார். சார் என் தோளில் சாய்ந்து அழுதார். கழுத்து திரும்பாததால் கொஞ்சம் கோணலாக.

இப்போது கோவைப் பக்கம் வேறு தோப்புக்குப் போய்விட்டார். வாரம் ஒரு போன் வரும். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை, இங்கே விட்டுப்போன பூச்சிகளைத்தான் விசாரிப்பார். அந்தக் குரலோடு இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கலாமே என்று, நானும் தினமும் தோப்புக்குள் போய் நாலு இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.