கூட்டேரிப்பட்டில் இறங்கிய கொலீக்

நேரம் தவறாமையைப் பற்றி யாருக்கும் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இத்தனைக்கும் நான் முனைவர் பட்டம் வாங்கியதே நேரத்தை வைத்துத்தான்.

மூலக்கூறுகளை மின்புலத்தால் மெதுவாக்குவது என் ஆராய்ச்சி. ஒரு பொருள் குளிர்ந்திருக்கிறது என்றால் அதன் மூலக்கூறுகள் மெதுவாக அலைகின்றன என்று அர்த்தம். அம்மோனியா மாதிரி சில மூலக்கூறுகளுக்கு ஒரு முனையில் லேசாக நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் இருக்கும். அதனால் மின்புலத்தைக் காட்டி அவற்றின் வேகத்தைப் பிடுங்கலாம். அதற்கு மின்சாரத்தைச் சரியான மைக்ரோ விநாடியில் போட்டு, சரியான மைக்ரோ விநாடியில் அணைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. (நானாகச் சொல்லவில்லை, எங்கள் ஆய்வகத்தில் சொல்வார்கள்.)

ஐரோப்பாவில் ஓர் ஆய்வகம் என்னை இணையவழி நேர்காணலுக்கு அழைத்திருந்தது. நம்மூர் நேரத்துக்கு மாலை ஆறரை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது கிடைக்காவிட்டால் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கோட்டு போட்டுக்கொண்டு பேசினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. விழுப்புரத்தில் சித்தி மகளிடம் ஒரு கோட்டு இருந்தது. அன்று மதியம் அம்மாவையும் அரை நாள் லீவு போட வைத்து இழுத்துக்கொண்டு போய் அதை இரவல் வாங்கினேன். திரும்பி வரும் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றபோது செல்போனில் ஒரு செய்தி வந்தது. 'நாங்கள் இணைப்பில் காத்திருக்கிறோம்.'

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். இது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என்பதும், அதனால் என் ஆறரை ஐந்தரையாகிவிட்டது என்பதும் மட்டும் தெரியவில்லை.

"இன்னாடி, மூஞ்சி இப்படிப் போவுது?" என்றார் அம்மா.

"இன்டர்வியூ ஆரம்பிச்சிடுச்சும்மா."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடியும்வரை யாரையும் திட்டுவதில்லை என்று அம்மா ஒறுத்தல் விரதம் எடுத்திருந்தார். அதனால் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். (திட்டியிருக்கலாம்.) பிறகு பையிலிருந்து கோட்டை எடுத்து உதறிக் கொடுத்தார். பங்குனி வெயிலில், சன்னலோர சீட்டில், சுடிதாருக்கு மேல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டேன்.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். கண்டக்டரைக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு ஃபாரின் இன்டர்வியூ நடக்குதுங்க, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். கண்டக்டர் பாட்டை நிறுத்தியதோடு விடவில்லை. "யாரும் பேசாதீங்க, இங்க ஒரு பொண்ணு பரீட்சை எழுதிக்கினு இருக்குது" என்று பஸ் முழுக்க அறிவித்தார்.

திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியர், உங்கள் ஆராய்ச்சியை எளிமையாகச் சொல்லுங்கள் என்றார். குட் ஆஃப்டர்நூன் சொல்லி ஆரம்பித்தேன். பஸ்ஸும் கிளம்பியது. வாழ்நாளில் அப்படி ஓர் ஆங்கிலம் நான் பேசியதில்லை. மூன்று பேரும் அசையாமல் கேட்டார்கள். என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"நடுவுல இருக்கறவரு ரொம்ப நேரமா கண்ணை மூடிக்கினே இருக்காரே" என்றார் அம்மா.

சிக்னல் போய்விட்டிருந்தது. அது எப்போது போனது என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

பக்கத்து வரிசையில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டையைக் காலிடுக்கில் வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இன்னா வேலை பாப்பா அது?" என்று கேட்டார்.

பதற்றத்தை மறக்க அவருக்குச் சொன்னேன். "கண்ணுக்குத் தெரியாத துகளுங்கண்ணே, படுவேகமா ஓடும். எதிர்ல கரண்டால ஒரு மேடு கட்டுவோம். ஏற ஏற வேகம் குறையும். உச்சிக்குப் போனதும் கரண்டை ஆஃப் பண்ணிடுவோம்."

"மேட்டையே எடுத்துடுறீங்க."

"ஆமாண்ணே. எறக்கம் இருந்தாத்தானே மறுபடி வேகம் வரும்? இப்படியே மேடு மேல மேடா வெச்சா நின்னுடும்."

"பேஜாரு புடிச்ச வேலை" என்றார் அவர்.

சிக்னல் திரும்பியது. "குட் ஆஃப்டர்நூன் வரைக்கும் கேட்டது" என்றார் பேராசிரியர். நேரம் குறைவாம், ஒரே ஒரு கேள்விதானாம். மேட்டில் ஏறும்போது மூலக்கூறு வேகம் இழக்கிறது, சரி. மறுபக்கம் இறங்கும்போது அதே வேகத்தைத் திரும்பப் பெற்றுவிடாதா?

கோட்டுப் பொத்தானைக் கழற்றினேன். ஐந்து வருட ஆராய்ச்சியும் வியர்வையோடு கோட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா கேக்குறாரு?" என்றார் மல்லாட்டைக்காரர்.

"எறங்கும்போது திரும்ப வேகம் புடிச்சிடாதான்னு கேக்குறாருங்க" என்று அம்மா மொழிபெயர்த்தார்.

அவர் மூட்டையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "இப்பத்தானே பாப்பா சொன்னே? சுவிட்ச் ஆஃப் பண்ணு" என்றார்.

அதில் இரண்டு சொற்கள் ஐரோப்பாவுக்கும் புரிந்துவிட்டன. "யெஸ், சுவிட்ச் ஆஃப்" என்று பேராசிரியர் தலையாட்டினார். "யார் அவர்?"

பக்கத்து சீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த சொல் வேறு.

"மை கொலீக்" என்றேன், கூட வேலை பார்ப்பவர் என்று.

அதற்குள் கண்டக்டர், "கூட்டேரிப்பட்டு எறங்கு, மயிலம் போறவங்கல்லாம் ஜல்தி எறங்கு" என்று விசில் ஊதினார். கொலீக் எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றினார். கேமராவுக்கு நேராகக் குனிந்து, "வர்றேன் சார், பாப்பாவைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மூன்று பேரும் கையசைத்தார்கள். அவர் எங்கே போகிறார் என்று கேட்டார்கள். அவருடைய ஸ்டாப் வந்துவிட்டது என்றேன்.

வேலை கிடைக்கவில்லை. நேர்காணல் மறக்க முடியாததாக இருந்தது என்று கண்ணியமாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். பிறகு பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அந்த நேர்காணலுக்கு முந்தின நாளே போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மாறிப்போயிற்று. பேச்சுக்கு நடுவே மூக்கை நுழைக்கும் முன்பின் தெரியாத யாரும் கொலீக்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கறிக்குழம்புக்கு யோசனை சொன்னால், கதவைச் சாத்தியபின் அம்மா சொல்வார், "கொலீக் போயிட்டாரு."

இரண்டு வருடம் கழித்து, நான் கட்டிக்கொள்ள நினைத்தவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன். உண்மையிலேயே என்னுடன் வேலை பார்ப்பவர். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அம்மா, இவர் என்னோட கொலீக்" என்றேன்.

அம்மா காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படிங்களா? எந்த ஸ்டாப்புல ஏறுனீங்க?"