அப்பா கட்டிய அல்லிக்குளமும் மூர் மார்க்கெட் மீனும்

செவிலிமேடு, காஞ்சிபுரம்,
17-6-1973, ஞாயிறு.

அன்பும் மரியாதையும் உள்ள ஆதிகேசவன் மாமாவுக்கு,

மருமகள் செல்லியம்மாள் வணங்கி எழுதுவது. கடிதம் எழுதித் தங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் இத்தனை பக்கம் காத்திருப்பது நியாயமில்லை. நானாக எழுதவில்லை, அப்பா எழுதச் சொன்னார். விஷயம் ஒரு வரிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வரும்போது மூர் மார்க்கெட்டில் சிவப்பு மீன் ஒரு டஜன் வாங்கிவர வேண்டும். இங்கே அம்மா நலம். நான் நலம். அப்பா முழங்கால் வரை ஈரமாக இருக்கிறார், மற்றபடி நலம். அங்கே அத்தையும் குழந்தைகளும் உலர்ந்த இடத்தில் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மண்டிக்காரருக்கு எதற்கு மீன் என்று தாங்கள் கேட்பீர்கள். மே மாதக் கடைசியில் சென்னையில் பி.எட். படிக்க எனக்கு இடம் கிடைத்ததும், கூடவே ஒரு படிவம் வந்ததும் தங்களுக்குத் தெரியும். ‘தந்தை அல்லது பாதுகாவலர்’ என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்து வாங்கி ஜூன் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும். அதே வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரனும் வந்தது. ரைஸ் மில் சீனிவாசன் அவர்களின் மகன் தனசேகரன். நெல் மண்டி வைத்திருப்பவருக்கு மில்காரர் சம்பந்தம் என்றால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இது எங்கமா ஓடிடப் போவுது, மொதல்ல அவுங்க வந்து பாத்துட்டுப் போவட்டும்” என்றார். படிவம் ஓடவில்லைதான். அன்று முதல் அது அப்பாவின் பையில், அப்பா போகும் இடமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

தரகர் முருகேசன் வந்து, மில்காரர் வீட்டுப் பின்கட்டில் பம்புசெட் தொட்டி இருப்பதாகவும் அதில் தாமரை பூத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் அப்பா வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்தார். சாயங்காலம் அம்மாவிடம், “நம்ம வூட்டுக்குப் பின்னால இன்னா இருக்குது?” என்று கேட்டார். “வறட்டி இருக்குது” என்றார் அம்மா. அது அப்பாவின் மனதை மிகவும் பாதித்துவிட்டது. இந்த நேரம் பார்த்து வீட்டில் ஒரு பத்திரிகை கிடந்தது. ‘வீட்டுத் தோட்டத்தில் அல்லிக்குளம்: ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே கட்டலாம்’ என்று அதில் ஒரு கட்டுரை. எழுதியவர் மலைப்பிரதேசத்தில் இருப்பவர் போலும். குளக்கரையில் ஒரு பெண்மணி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவதாகப் படம் போட்டிருந்தது. அப்பா கட்டுரையை ஒருமுறையும் படத்தைப் பலமுறையும் பார்த்தார். கடைசியில், “சுவெட்டர் வாணாம், மீதியெல்லாம் நம்மால ஆவும்” என்று கடப்பாரையை எடுத்தார்.

எட்டடிக்கு ஆறடி. பக்கத்து வீட்டுச் சாயப்பட்டறை வீரபத்திரன் அண்ணன் கொடுத்த பழைய நூல்கயிற்றால் அப்பாவே அளந்து, அப்பாவே வெட்டினார். நம் பக்கம் பாலாற்று மணல் என்பது கட்டுரை எழுதியவருக்குத் தெரியாது. ஒரு கூடை அள்ளினால் இரண்டு கூடை உள்ளே சரிந்தது. மத்தியானத்துக்குள் குழி பத்தடியாகி, வறட்டி அடுக்கும் சுவர் உள்ளே வந்து, அம்மாவும் உள்ளே வந்து, “குளம் வெட்றீங்களா, வூட்ட வெட்றீங்களா?” என்று கேட்ட பிறகுதான் அப்பா கொத்தனார் துரைக்கண்ணுவுக்கு ஆள் அனுப்பினார்.

துரைக்கண்ணு நல்ல வேலைக்காரர், மாமா. ஆனால் அவரும் அவருடைய அப்பாவும் கோயில் குளங்களுக்குப் படி கட்டியும், கட்டிய படியைப் பழுதுபார்த்துமே காலம் தள்ளியவர்கள். குழியைச் சுற்றி வந்து, “படி எத்தினி வரிசைங்க?” என்று கேட்டார்.

“படி எதுக்குப்பா? இது அல்லி வெக்கற குளம்.”

“குளம்னா நாலு பக்கமும் படி இல்லாம எப்படிங்க? நாளைக்கு ஒரு நல்ல நாளு கெட்ட நாளுன்னா எறங்க வாணாமா?”

“எட்டடிக் குளத்துல யாருப்பா எறங்கப் போறாங்க?”

“எறங்கறாங்களோ இல்லியோ, படி இருக்கணுமில்ல. படி இல்லாம கட்னா குழின்னுதான் சொல்லுவாங்க. வாலாஜாபாத்லேர்ந்து வர்றவங்க கிட்ட குழியவா காட்டுவீங்க?”

அப்பா படிக்குச் சம்மதித்தார். துரைக்கண்ணு அடுத்து, “நடுவுல நீராழி மண்டபம் ஒண்ணு வெச்சிடலாங்க, சின்னதா” என்றார். வேறு ஊர்க்காரராக இருந்தால் இந்த இடத்தில் எழுந்து போயிருப்பார். காஞ்சிபுரத்துக்காரரிடம் மண்டபம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல நாக்கு வருமா? “எத்தினி கால்?” என்று அப்பா கேட்டார். படம் போடக் காகிதம் வேண்டுமென்றார் துரைக்கண்ணு. அப்பா சட்டைப் பையில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். என் பி.எட். படிவத்தின் பின்பக்கம் நாலு பக்கப் படியும் நாலு கால் மண்டபமும் பென்சிலில் ஏறின. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு எப்போது வாய் திறந்தது, இப்போது திறக்க.

சரிந்த பக்கத்தை அடைத்துக் குழியைப் பழையபடி எட்டடிக்கு ஆறடியாக்கினார்கள். குளத்தின் கணக்கை மட்டும் எழுதிவிடுகிறேன். பக்கத்துக்கு மூன்று படி, படிக்கு ஒன்பது அங்குல அகலம். நாலு பக்கமும் படி போக நடுவில் மிஞ்சியது மூன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அதன் நடுவே ஓரடி சதுரத்தில் மண்டபம். மண்டபத்துக்கும் கீழ்ப்படிக்கும் இடையே தண்ணீருக்கென்று சில இடங்களில் மூன்று அங்குலம் மீதி இருந்தது. துரைக்கண்ணு தள்ளி நின்று பார்த்து, “தெப்பம் விட எடம் பத்தாது” என்று வருத்தப்பட்டார்.

இதற்கெல்லாம் சிமெண்ட் வேண்டும், சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். இந்தத் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். பி.ஏ. படித்ததில் இதுவரை நான் கண்ட பலன் அதுதான். ‘அல்லிக்குளம் கட்டிக்கொள்ள ஐந்து மூட்டை’ என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் மனுவோடு திரும்பி வந்தார். குளத்துக்கெல்லாம் பர்மிட் கிடையாதாம், வீட்டுக்குக் கழிவறை கட்டுவதென்றால் உடனே கிடைக்குமாம், ஆனால் கட்டியதும் ஒரு அதிகாரி வந்து பார்ப்பாராம். “அப்படியே எழுதும்மா, எழுதறதுதான, எவன் வந்து பாக்கப் போறான்” என்றார். ‘சுகாதாரக் கழிவறை ஒன்று’ என்று மாற்றி எழுதினேன். ஐந்து மூட்டை வந்தது. மூன்றரை மூட்டை படியில் போயிற்று, ஒன்றரை மண்டபத்தில் போயிற்று. அடித்தளத்துக்கு என்ன போட்டார்கள் என்பது துரைக்கண்ணுவுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

தளத்தில் ஒன்றும் இல்லை என்பது மறுநாள் காலையில் எங்களுக்கும் தெரிந்துவிட்டது. ராத்திரி நிரப்பிய நாற்பது குடத் தண்ணீரையும் மணல் குடித்துவிட்டிருந்தது. அப்பா திரும்ப நிரப்பினார். திரும்பக் குடித்தது. அம்மா கிணற்றடியில் நின்றுகொண்டு, “பாலாத்துக்குத் தண்ணி இல்லன்னு ஊரே அழுவுது, நீங்க ஒருத்தர்தான் ஊத்திக்கினு கீறீங்க” என்றார். அப்போதுதான் வீரபத்திரன் அண்ணன் உதவிக்கு வந்தார். அவர் பட்டுக்குச் சாயம் போட்டு அலசிய தண்ணீரைக் கொட்ட இடமில்லாமல் தெருவில் ஊற்றித் தினம் ஒருவரிடம் வசவு வாங்குகிறவர். “கோதண்டபாணி அண்ணே, நீங்க கேணியில எறைக்காதீங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். காலையும் மாலையும் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து ஊற்றினார். அந்த வாரம் பட்டறையில் அரக்குச் சாயம். மூன்றாம் நாள் குளம் நல்ல முகூர்த்தப் புடவை மாதிரி ஆகிவிட்டது. அப்பா நட்டிருந்த அல்லிக்கிழங்கு அழுகிவிட்டது. அப்பா அசரவில்லை. கடைத்தெருவில் இரண்டு பிளாஸ்டிக் தாமரை வாங்கிவந்து மிதக்கவிட்டு, “தண்ணி கூடப் பட்டுக் கலர்ல இருக்குது பாரு, இது மில்காரன் தொட்டியில உண்டா?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதானே.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். சீனிவாசன் அவர்கள், அவருடைய சம்சாரம், மாப்பிள்ளை, தரகர். சீனிவாசன் அவர்கள் நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை, நெற்றி நிறைய திருமண். நான் காபித் தட்டோடு சமையலறையில் நின்றிருக்கும்போதே அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “மொதல்ல பின்னால வந்து ஒண்ணு பாக்கணும்” என்று எல்லோரையும் அழைத்துப் போய்விட்டார். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் குளத்தைப் பார்க்கப் போனார்கள். நான் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தேன்.

நாலு பக்கம் படி, நடுவில் மண்டபம், குங்குமம் கரைத்த மாதிரித் தண்ணீர், மேலே தாமரை. கோயில் ஊருக்கு வந்த ஒரு பெரியவர் வேறென்ன நினைப்பார்? செருப்பைக் கழற்றினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு படி இறங்கினார். குனிந்து தண்ணீரை எடுத்து, “நாராயணா” என்று தலையில் மூன்று தரம் தெளித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் வாயிலும் விட்டுக்கொண்டார். தன் குளத்துக்கு இப்படி ஒரு மரியாதையா என்று அப்பாவுக்குக் கண் கலங்கியது, நான் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு, கையில் ஃபைலோடு ஒரு அதிகாரி வந்து, “இங்க கோதண்டபாணிங்கறது யாருங்க? நீங்க கட்டுன கழிவறையப் பாக்கணும், எங்க இருக்குது?” என்று கேட்டார்.

அப்பா அதிகாரியைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். அதிகாரி படிகளைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். “அஞ்சு மூட்டை வாங்கியிருக்கீங்க. கட்டலன்னா கேஸ் ஆயிடும்” என்றார். அப்பா மெதுவாகக் குளத்தைக் காட்டினார்.

“இதாங்க சார்.”

“இதுவா?”

“இன்னும் புழக்கத்துக்கு வரலிங்க.”

சீனிவாசன் அவர்கள் கண்ணைத் திறந்தார். வெள்ளைத் தலையில் அரக்குப் புள்ளி புள்ளியாக இறங்கிக்கொண்டிருந்தது. வேட்டியைச் சொல்ல வேண்டாம். அவர் மேல்துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டே போய் வண்டியில் ஏறிவிட்டார். அவருடைய சம்சாரம்தான் போகிற போக்கில் அம்மாவிடம், “இந்த ஊர்ல கக்கூசுக்குக் கூட மண்டபம் கட்டுவீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை தனசேகரன் தெருமுனை தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனார். நல்ல சுபாவம் போலிருக்கிறது. அதிகாரி ஃபைலில் ‘கட்டப்பட்டுள்ளது’ என்று எழுதிக்கொண்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். காபி ஆறிவிட்டது. அம்மாவும் நானும் குடித்தோம்.

அன்று முதல் அப்பா மண்டி மூடியதும் கீழ்ப்படியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வரன் போனதைப் பற்றிப் பேசுவதில்லை. “மீனு வுட்டா எல்லாம் சரியாப் பூடும்” என்கிறார். ஆகவே மீன்.

அத்தைக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் முத்தமும். குளத்தில் தண்ணீர் நிற்காவிட்டாலும் தங்கள் வீட்டில் எல்லாச் செல்வமும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
கோ. செல்லியம்மாள்

பி.கு.: கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி அப்பா கேட்டார். முதல் பத்தியை மட்டும் வாசித்தேன், சரி என்று எழுந்து போய்விட்டார். இனி எழுதுவது தங்களுக்கு மட்டும். அந்தப் பத்திரிகை தானாக வீட்டில் வந்து கிடக்கவில்லை. நூலகத்தில் ‘தோட்டம்’ என்ற தலைப்பில் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை மடித்து, அப்பா உட்காரும் இடத்தில் வைத்தவள் நான். குளத்தில் இறங்கினால் அப்பா ஜூலை வரை வெளியே வரமாட்டார், பெண் பார்ப்பது தள்ளிப்போகும், அதற்குள் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். தள்ளிப்போகவில்லை. போன திங்கட்கிழமை அதிகாரி எந்த நாளில் வரலாம் என்று கேட்டு ஒரு கார்டு வந்தது. ‘வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி வசதிப்படும், வீட்டில் எல்லோரும் இருப்போம்’ என்று பதில் எழுதியவளும் நான்தான். பெரியவர் தலையில் தெளித்துக்கொள்வார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. “இதாங்க சார்” என்றபோது அப்பாவின் குரல் இருந்த மாதிரி நான் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு நாளாக விடிவதற்குள் எழுந்து, அவர் வந்து பார்க்கும்போது நிறைந்திருக்க வேண்டுமென்று குளத்துக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். மீன் வாங்க வேண்டாம் மாமா, அந்தத் தண்ணீரில் அது ஒரு மணி நேரம் பிழைக்காது. பேனா மட்டும் கொண்டுவாருங்கள். நேற்றுச் சட்டை துவைக்கும்போது படிவத்தை எடுத்து அகராதிக்குள் வைத்திருக்கிறேன். பின்பக்கத்துக் குளம் பென்சில்தான், ஆனால் அழிக்க மனம் வரவில்லை. முன்பக்கம் காலியாக இருக்கிறது. அப்பாவே கையெழுத்துப் போட்டால் எனக்கு நிறைவு, அவர் மாட்டேன் என்றால் தாங்கள் போடுங்கள். ஆனால் முதலில் அவர் பக்கத்தில் அந்தப் படியில் உட்கார்ந்து, எனக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறேன், இதைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.