சம்மட்டிக்கும் கிரேனுக்கும் பத்தாயிரம் சண்டை

பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட இன்னும் ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தபோது, சம்பந்திகள் இருவரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"உங்க சம்மட்டி எங்க கிரேன் முன்னாடி ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டான்" என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லியிருந்தார். டீக் கோப்பைக்குள்ளேயே பார்வையை வைத்துக்கொண்டு சொன்னார்.

சம்மட்டி என்பவன் அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் கொடிகட்டிப் பறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன். கிரேன் இன்றைய சாம்பியன். இருவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டுமானால் ஒருவன் கல்லறையிலிருந்து எழுந்து வர வேண்டும். ஆனால் மணப்பெண்ணின் அப்பா, பல் செட் செய்யும் தன் கடைச் சுவரில் சம்மட்டியின் படத்தை மாட்டி வைத்திருப்பவர். சம்மட்டி ஓய்வு பெற்ற வருடம்தான் தான் பிறந்தோம் என்பது அவர் பக்தியை எள்ளளவும் குறைக்கவில்லை.

"சம்பந்தி, முப்பது வருஷமா தாடை பாக்கறவன் சொல்றேன். அந்தத் தாடையில இடிச்சா உங்க கிரேன் கைதான் முறியும்!"

"முப்பது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் சொல்றேன். எடைன்னா எடைதான்."

"அப்ப சம்மட்டி பூஞ்சைங்கிறீங்களா?"

மாப்பிள்ளையின் அப்பா ஒரு கணம் மகனைப் பார்த்தார். பிறகு, "இது தீராம கையெழுத்து இல்லைங்க" என்றார்.

"இல்லன்னா இல்ல!" என்றார் பெண்ணின் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வெளியே போனார்.

மணப்பெண் எழுந்து வாசலுக்கு ஓடினாள். வானிலை அலுவலகத்தில் மழை கணிப்பவள் அவள். மாப்பிள்ளையின் ஊருக்கு மாற்றல் கேட்டு, உத்தரவும் வந்து, அவள் நாற்காலியில் வேறொருத்தி இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறாள். அதையெல்லாம்விட, யாரிடமும் அதிகம் பேசாத அவளிடம் ஏழு மாதமாகப் பேசிச் சிரிக்கவைத்தவன் அவன். அவனை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

வாசலில் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"எங்கப்பா பிடிச்ச பிடிய விட மாட்டாரும்மா. என்ன பண்றது?"

"தீர்த்துடலாங்க."

"எப்படித் தீரும்? வேற வேற காலத்து ஆளுங்க."

"நாளைக்கு மழை வருமான்னு எப்படிச் சொல்றோம்? கம்ப்யூட்டருக்குள்ள நாளைய பொழுதைப் பத்தாயிரம் தடவை விடிய வைப்போம். அதுல எத்தனை பொழுது நனையுதுன்னு எண்ணுவோம். அதே மாதிரி இவங்களையும் மோத விடறேன்."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "அப்படியெல்லாம் முடியுமா?"

அந்தத் தவிப்பைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு உருகிப்போனது.

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து இருவரின் உயரம், எடை, கை நீளம், நிமிடத்துக்கு எத்தனை குத்து என்று எல்லாவற்றையும் திரட்டினாள். சம்மட்டி எண்பத்து மூன்று கிலோ. கிரேன் நூற்றுப் பதினெட்டு. பத்தாயிரம் முறை மோதவிட்டாள். கிரேனுக்கு எட்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வெற்றி.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "பெத்த பொண்ணே அவனைப் படுக்க வெச்சுட்டியே."

"அப்பா, முப்பத்தஞ்சு கிலோ வித்தியாசம்ப்பா."

"அந்தக் காலத்துல அவனுக்கு யாரு டப்பா டப்பாவா புரோட்டீன் பவுடர் கரைச்சுக் குடுத்தாங்க? இவன் சாப்பிடறதை அவனுக்கும் போட்டுப் பாரு!"

நியாயமாகத்தான் பட்டது. செத்துப்போனவனுக்குப் பவுடர் கொடுத்து நூற்றைந்து கிலோவுக்கு ஏற்றினாள். இப்போது சம்மட்டிக்கு ஆறாயிரம் வெற்றி. அப்பா இரண்டு பங்கு சாப்பிட்டார். அவள் சந்தோஷமாக மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அவன் காப்பீட்டு நிறுவனத்தில், வருகிற விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பியனுப்பும் பிரிவில் வேலை பார்ப்பவன்.

"எடை ஏத்தினியே, வேகத்தைக் குறைச்சியா? எங்கப்பா கேக்கறாரு."

குறைக்கவில்லை. குறைத்தாள். சம்மட்டி மறுபடி விழுந்தான்.

"அந்தக் காலத்துக் கையுறை மெல்லிசு!" என்று அப்பா கத்தினார். "ஒரு குத்து விழுந்தா எலும்புல எதிரொலிக்கும். அதைப் போட்டியா?"

போட்டாள். இப்போது கிரேனுக்கு மூன்றாவது ரவுண்டிலேயே புருவம் கிழிந்தது.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. "அப்பா கேக்கறாரு, அப்ப பதினஞ்சு ரவுண்டு, இப்ப பன்னெண்டு. நீ எந்தக் கணக்குல விட்டே?"

வியாழக்கிழமை பிற்பகலுக்குள் நடுவர், மேடையின் அகலம், மூலையில் தண்ணீர் கொடுப்பவன் வரை எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை வந்து, எல்லாவற்றையும் அவள் சேர்த்துவிட்டாள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணிக்கொண்டது. நான்கு மணிக்கு வந்த செய்தி எல்லாவற்றுக்கும் மேல்.

"இன்னைக்குச் சட்டப்படி ஹெவிவெயிட்டுன்னா தொண்ணூறு கிலோவுக்கு மேல இருக்கணுமாம். உங்க சம்மட்டி ஹெவிவெயிட்டே இல்லையாம். ஆட்டமே செல்லாதுன்னு அப்பா சொல்றாரு."

அவள் போனைப் பொத்துவதற்குள் அது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அவர் நேரே கடைக்குப் போனார். படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல் கட்ட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் அமர்ந்தார்.

"அப்பா, எழுந்திருங்கப்பா. ஒரு அம்மா வாயைத் திறந்துகிட்டு நிக்கறாங்க."

"நிக்கட்டும். என் ஆளையே ஆள் இல்லைங்கறாங்க."

வேறு வழியில்லாமல் அவள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். இருவரும் ஒரே வருடத்தில் பிறந்ததாக வைத்துக்கொண்டாள். ஒரே சாப்பாடு, ஒரே பயிற்சி, ஒரே கையுறை, ஒரே சட்டம். ஒருவனுக்குச் சாதகமாக இருந்ததையெல்லாம் மற்றவனுக்கும் கொடுத்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால் திரையில் பெயரைத் தவிர எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு பேர், மூச்சு வாங்க, ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்தார்கள்.

கிரேன் ஐயாயிரத்து மூன்று. சம்மட்டி நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.

"ஆறு பாக்கியா?" என்றார் அப்பா. ரொம்ப நேரம் யோசித்தார். "ஆறுங்கறது நடுவர் ஓரவஞ்சனை. சமம்தான். நான் கையெழுத்துப் போடறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. கையெழுத்துக்கு மூன்று மணி நேரம். அவளும் அப்பாவும் மடிக்கணினியோடு மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவன் இன்னும் சட்டைகூட மாற்றியிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"பத்தாயிரம் சண்டையா போட்டாங்க?"

"ஆமாங்க மாமா."

"பாவம், களைச்சுப் போயிருப்பாங்களே!"

அவளுடைய அப்பா கையை நீட்டினார். "சமம்தான் சம்பந்தி. கை குடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பாதி நீட்டிவிட்டு மகனைப் பார்த்தார். கை அந்தரத்திலேயே நின்றது.

"அப்பா, அந்த ஆறு?" என்றான் அவன்.

"அது பிழை எல்லைக்குள்ளதாங்க வருது" என்றாள் அவள். "மறுபடி ஓட்டினா சம்மட்டி பக்கம்கூடப் போகும்."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். திடீரென்று முகம் தெளிந்தது.

"மன உறுதி! அதை எங்க போட்டிருக்கே? அடி வாங்கினப்புறமும் நிக்கறான் பாரு, அந்த உறுதி?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "அதுக்கு மட்டும் அளவு கிடைக்கலைங்க."

"பாத்தீங்களா! அப்ப இது தீரலைப்பா."

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றாள். "பழைய சண்டையில எத்தனை தடவை விழுந்து எழுந்தாங்கன்னு எண்ணி, அதையும் சேர்த்து ஓட்டிடறேன். மூணு மணிக்குள்ள முடிச்சுடலாம், அத்தை."

விரல்கள் விசைப்பலகையில் ஓடத் தொடங்கின. புதன்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமலிருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு மடிக்கணினியை மூடினார்.

"போதும்மா. 'இந்தக் கல்யாணத்தை நானா வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை, யாராலயும் தீர்க்க முடியாத சண்டையா பாத்து நீங்க ஒண்ணு போடுங்கப்பா'ன்னு இவர்கிட்ட கேட்டதே எம் பையன்தான்."